டிரைவர் ஜெயராமனுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது

ஜெயராமன் மாநகரப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பேருந்துப் பயணம் ஒத்துக்கொள்ளாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுத எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இரண்டும் உண்மை. தானே ஓட்டினால் ஒன்றும் ஆகாது. வேறொருவர் ஓட்டி இவர் பயணியாக உட்கார்ந்தால், நாலைந்து நிறுத்தத்துக்குள் முகம் வெளுத்து, நெற்றி வியர்த்து, ஜன்னலோர இடம் யாரிடம் கேட்கலாம் என்று கண்கள் தேட ஆரம்பித்துவிடும்.

பூந்தமல்லிக்கும் பாரிமுனைக்கும் இடையில் அவர் ஓட்டிய தூரத்தை நீட்டிப் போட்டால் உலகத்தைச் சில சுற்று சுற்றி வந்திருக்கலாம். எல்லாம் பூந்தமல்லி நெடுஞ்சாலையை விட்டு இறங்காமலே. எத்தனையோ ஆயிரம் பேரைக் கல்யாணத்துக்கும் காலேஜுக்கும் கோர்ட்டுக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டவர், தன் மைத்துனன் கல்யாணத்துக்குப் போகவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "டூட்டி."

கரையான்சாவடியில் அவர் வீட்டு மாடியில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். அவர் மனைவி அஞ்சலைக்கு மட்டுமே தெரிந்திருந்த இந்த ரகசியம், ஒரு ஷேர் ஆட்டோவில் எனக்கும் தெரியவந்தது. இருவரும் போரூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவர் ஆட்டோக்காரருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து பார்த்தேன். எங்கே பிரேக் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதோ அங்கே வலது காலால் தரையை மிதித்தார். ஆட்டோ அங்கே நிற்கவில்லை. ஆட்டோக்காரர் தனக்குத் தோன்றிய இடத்தில் பிரேக் போட்டார். அங்கே ஜெயராமனின் வயிறு நிற்கவில்லை. காட்டுப்பாக்கத்தில் இறங்கி, ஒரு சோடாக் கடை மறைவில் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"சார், டெப்போ பசங்களுக்கு மட்டும் தெரியக்கூடாது" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டே.

படித்தவன் செய்யக்கூடியதை நானும் செய்தேன்: அறிவுரை சொன்னேன். காதுக்குள் ஒரு சமாசாரம் இருக்கிறது, அது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாதபோது மூளை குழம்பிக் குமட்டுகிறது, அதனால் எப்போதும் முன்னால் உட்கார்ந்து சாலையைப் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். டாக்டரும் அதையேதான் சொன்னாராம். மருந்துக் கடைக்காரரும் அதையேதான் சொன்னாராம். அவரும் வாழ்நாள் முழுவதும் அதையேதான் செய்துவந்திருக்கிறார். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் பக்கத்திலுள்ள சீட்டு. ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் முதல் பெட்டி, அதிலும் டிரைவர் அறைத் தடுப்பின் கண்ணாடியில் மூக்கு உரச. இத்தனையும் செய்தும் வாந்தி மட்டும் நிற்கவில்லை. அறிவியலின் மேல் குற்றமில்லை, அவர் வயிறு அதைப் படிக்கவில்லை, அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன்.

விஷயம் முற்றியது காவ்யாவால். அவர்களுடைய ஒரே மகள். ஐதராபாத்தில் கணினி வேலை, கணவனும் அதே தொழில். இருவரும் அங்கே ஒரு ஃபிளாட் வாங்கி, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். "அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வந்துதான் பால் காய்ச்சணும்" என்று சொல்லி, இரண்டு பேருக்கும் ரயில் டிக்கெட்டை அனுப்பியும் விட்டாள். அவளுடைய கல்யாண வரவேற்பு ஐதராபாத்தில் நடந்தபோது ஜெயராமனுக்கு வழக்கம்போல டூட்டி. இப்போது அந்த வழியும் அடைபட்டது. ரிட்டயர் ஆனவருக்கு என்ன டூட்டி?

வாடகைக்கு ஒரு கார் எடுத்துத் தானே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு யோசனை வைத்தார். கண்ணில் புரை எடுத்துக்கொண்டு சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கும் மனிதர். மகள் போனிலேயே தடை உத்தரவு போட்டாள்.

அன்று மாலை அஞ்சலையின் குரல் மாடி வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"இந்தா, ஒரே பேச்சு. இந்த வாட்டி நீ வரலன்னா நான் ஒண்டியா போறேன். சம்பந்தி ஊட்டுல கேட்டா டூட்டின்னு சொல்ல மாட்டேன். எங்க ஊட்டுக்கார்ரு பஸ் டிரைவரு, ஆனா அவருக்கு வண்டி ஒத்துக்காது, வாந்தி எடுப்பாருன்னு பட்டுனு சொல்லிருவேன்."

"அஞ்சல, மானத்த வாங்காதமே."

"வாங்குறதுக்கு இன்னா கீது? அத்த நீ பஸ்ஸு பஸ்ஸா எறைச்சிட்டு வந்துகினு கீறியே!"

இந்த நேரத்தில்தான் எங்கள் ஊருக்கு மெட்ரோ வந்தது.

வந்தது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். அதற்குள் எத்தனை வருஷம்! சாலையைத் தோண்டினார்கள், தூண் நட்டார்கள், தகரத் தடுப்பை வைத்து எங்கள் கடைத்தெருவையே மறைத்தார்கள். நகரம் எங்களைத் தேடி வருகிறது என்றார்கள். வருகிற நகரம் புழுதியாகத்தான் முதலில் வந்தது. தூணைத் திட்டாத நாளில்லை. ஆனால் ரயில் ஓடப்போகிறது என்று தெரிந்த அன்று, அதே தூணின் அடியில் நின்று படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினோம். "எங்க ஊர்ல" என்று அழுத்தி.

ஜெயராமன் கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தார்.

"சார், இத்தப் பாருங்க சார்! டிரைவரே கெடையாதாம்! முன்னாடி பெரிய கண்ணாடி. அப்பால நேரா தண்டவாளம். டிரைவரு ஒக்கார வேண்டிய எடத்துல பாசஞ்சர் நின்னுக்கலாமாம்!"

பெரிய துக்கம் ஒன்றை எதிர்பார்த்துதான் நான் முகத்தைத் தயார் செய்திருந்தேன். ஓட்டுநர் இல்லாத வண்டியைப் பார்த்தால் ஒரு முன்னாள் ஓட்டுநர் வருந்த வேண்டும் அல்லவா? கட்டுரை எழுதுகிறவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். மெதுவாகக் கேட்டேன்: "உங்க தொழிலுக்கே இது வேட்டு இல்லையா?"

"நான்தான் ரிட்டயர் ஆயிட்டேனே சார்" என்றார். அவ்வளவுதான் தொழிலுக்கு அஞ்சலி.

அவருடைய கணக்கு வேறு. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தும் குமட்டல் நிற்கவில்லை என்றால், இன்னும் கொஞ்சம் முன்னால் போக வேண்டும். அதற்கு முன்னால் இருப்பது டிரைவர் சீட்டு. உலகத்தில் எந்த வண்டியிலும் பயணிக்கு அந்த இடம் கிடைக்காது, இந்த வண்டியைத் தவிர. அங்கே நின்றுகொண்டு வடபழனி வரை போய்த் திரும்பி, வயிறு ஒழுங்காக இருந்தால் ஐதராபாத்துக்கு வருவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்தார்.

"ஐதராபாத் ரயில்ல உன்ன இன்ஜினுல ஏத்துவாங்களா?" என்று அஞ்சலை கேட்டார். சரியான கேள்வி.

"மொதல்ல இது. அது அப்பால."

"வாந்தி எடுத்தா?"

"ஒண்டியா போய்க்க. இன்னா சொல்லணுமோ சொல்லிக்க."

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் கிளம்பினோம். என் வேலை, தேவைப்பட்டால் அவரைத் தாங்குவது. முன்கண்ணாடி இடம் வேண்டுமானால் கரையான்சாவடியில் ஏறினால் ஆகாது, வண்டி புறப்படும் பக்கமாகப் போக வேண்டும் என்று பூந்தமல்லிக்குப் பின்னோக்கிப் போனோம். அதுவும் நடந்து. சோதனைக்கு முன்னால் ஷேர் ஆட்டோவில் ஏறி வயிற்றைக் கெடுத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை. முன்னால் போவதற்குப் பின்னால் நடந்த முதல் பயணிகள் நாங்களாகத்தான் இருப்போம் என்று நினைத்தேன்; நிலையத்தில் பார்த்தால் பாதி ஊர் அப்படித்தான் வந்திருந்தது.

அடடா, அந்தக் கூட்டம்! பொங்கலுக்கு எடுத்த பட்டுப்புடவை மறுபடி வெளியே வந்திருந்தது. நகரும் படிக்கட்டின் அடியில் நின்று "நீ ஏறு", "நீ மொதல்ல ஏறு" என்று ஒரு குடும்பமே ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருந்தது. போகிற இடம் எதுவும் இல்லாமல் இத்தனை பேர் இத்தனை சந்தோஷமாகப் பயணம் போய் நான் பார்த்ததில்லை. அலுவலகம் போகிறவர்கள் முகத்தில் இதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

பைகளைச் சோதிக்கும் இடத்தில் ஜெயராமனின் மஞ்சள் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே இரண்டு எலுமிச்சம்பழம், நாலைந்து பாலித்தீன் பை.

"இது எதுக்கு சார்?" என்றார் காவலர்.

ஜெயராமன் பதில் தேடுவதற்குள் அஞ்சலை முந்திக்கொண்டார்: "ஒண்ணு வண்டிச் சக்கரத்துக்கு. புது வண்டி இல்ல? இன்னொண்ணு இவருக்கு, மோந்து பாக்க."

"சக்கரத்துக்கெல்லாம் வைக்க முடியாதும்மா."

"வைக்காம எடுத்தா நல்லதா நைனா? நீயே சொல்லு."

காவலர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். மேலே போய்ப் பார்த்தால் பிளாட்பாரம் நெடுகக் கண்ணாடித் தடுப்பு. தண்டவாளமும் தெரியவில்லை, சக்கரமும் தெரியவில்லை. ஜெயராமன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக் கீழே பார்த்தார். புது வண்டியை எலுமிச்சை நசுக்காமல் எடுப்பதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டே, "சக்கரத்த எங்க வச்சிக்கிறானுங்க?" என்று முணுமுணுத்தார்.

வண்டி வந்தது. கதவு திறந்ததும் அவர் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! கண் அறுவை செய்துகொண்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முன்கண்ணாடியின் வலது பக்கம், சரியாக டிரைவர் இடம், அவருடையதாகிவிட்டது. அஞ்சலை அவருக்குப் பின்னால், நான் அவர்களுக்குப் பக்கத்தில்.

ஆனால் அங்கே ஏற்கனவே ஒருவர் நின்றிருந்தார். சீருடை போட்ட இளம்பெண். சட்டையில் ஆஷ்லி என்று பெயர்ப்பட்டை. டிரைவர் இல்லாத ரயிலில், டிரைவர் இல்லாமலே எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் போட்டிருந்தார்கள். தொழில்நுட்பத்தின் மேல் மனிதனுக்கு இருக்கும் நம்பிக்கையை இதைவிட அழகாக யாரும் சொல்லிவிட முடியாது.

வண்டி புறப்பட்டது. தூண்களுக்கு மேலே, கூரைகளுக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிகளுக்கும் கொடிக்கயிற்றுத் துணிகளுக்கும் மேலே! கூட்டம் மொத்தமாக ஒரு "ஓ" போட்டது. நானும் போட்டேன். கீழே எங்கள் சாலை, அதே நெரிசல், அதே ஹாரன். ஆனால் சத்தமே இல்லாமல், ஏதோ அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி. கரையான்சாவடியில் எங்கள் மொட்டை மாடியே தெரிந்தது. அஞ்சலை தான் காயவைத்த மிளகாயைக் கண்டுபிடித்துக் கத்தினார்.

ஜெயராமன் எதையும் பார்க்கவில்லை. அவர் கண் ஆஷ்லியின் மேல் இருந்தது. வலது கால் தரையில் இருந்தது. குமணன்சாவடி நிலையம் தூரத்தில் தெரிந்ததும் கால் தரையை அழுத்தியது. வண்டி வேகம் குறையவில்லை. இன்னும் அழுத்தினார். பிறகு வண்டி தன் பாட்டுக்கு மெதுவாகி நின்றது.

"லேட்டா புடிக்கிறம்மா" என்றார்.

ஆஷ்லி திரும்பிப் பார்த்தார். "எது சார்?"

"பிரேக்கு."

காட்டுப்பாக்கம் நெருங்குவதற்குள் எனக்குப் பழக்கப்பட்ட அந்த வெளுப்பு முகத்தில் ஏறத் தொடங்கியது. நெற்றியில் வியர்வை. எலுமிச்சம்பழம் மூக்குக்குப் போனது. அஞ்சலை மஞ்சள் பையிலிருந்து பாலித்தீன் பையை எடுத்து உதறினார். அந்தச் சத்தத்தில் பக்கத்திலிருந்த இளைஞர் கூட்டம் கொஞ்சம் விலகியது. ஐதராபாத் வீட்டில் பால் பொங்கும், அருகே அவருடைய நாற்காலி காலியாக இருக்கும். அந்த நினைப்பு அஞ்சலையின் முகத்தில் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் திட்டித் தீர்த்தவர், அந்த நிமிஷம் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பாப்பா, கொஞ்சம் முன்னாடியே புடிம்மா" என்றார் ஜெயராமன், பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமல். கெஞ்சுகிற குரல். "ஸ்டேசன் தெரிஞ்சதுமே கால வச்சிடணும். இப்பிடிக் கடசீல புடிச்சா நிக்கிறவன் கதி இன்னாவுறது?"

"அங்கிள், நான் ஓட்டல."

"அப்பால யாரு ஓட்றா?"

"யாருமே ஓட்டல, அங்கிள்."

"சொம்மா சொல்லாத. கீழ கால்ல எதுனா வச்சிருப்ப."

ஆஷ்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டினார். பிறகு, சந்தேகம் தீரட்டும் என்று, ஒரு காலையும் தூக்கினார். தண்டவாளம் வளைந்தது, வண்டியும் அழகாக வளைந்தது. நிலையம் வந்தது, வண்டி நின்றது. கை மேலேயே இருந்தது.

ஜெயராமன் அந்தக் கைகளையே பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். தன் வலது காலை, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். மெதுவாக அதைத் தரையிலிருந்து எடுத்து, இடது காலுக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்தார்.

"நெசமாவே யாரும் இல்லயா?"

"இல்ல அங்கிள். நான் சும்மா நிக்கிறேன்."

அடுத்த நிலையம் வருவதற்குள் வெளுப்பு இறங்கியது. பழம் சட்டைப்பைக்குப் போனது. ஐயப்பன்தாங்கலில் வண்டி மேலே போக, கீழே பஸ் டெப்போ விரிந்தது. வரிசை வரிசையாக நிற்கும் பஸ்கள்.

"அஞ்சல! அஞ்சல! அங்க பாருமே, பஸ்ஸு மண்டை!" சட்டென்று கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் அப்பினார். "இத்தினி வருசத்துல பஸ்ஸோட மண்டைய நான் பாத்ததே இல்ல! யப்பா, இன்னா அழுக்கு!"

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. போரூர் ஏரி மின்னியபோது ஒரு சத்தம். கீழே ஒரு பஸ் சிக்னலில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து இன்னொரு சத்தம்: "நில்லு மாமே நில்லு, நல்லா நில்லு, நான் போய்க்கினே கீறேன்!" வடபழனியில் இறங்கும்போது அஞ்சலை பாலித்தீன் பையை மடித்துப் பைக்குள் வைத்தார். அது காலியாக இருந்தது.

திரும்பும் வண்டியில் நான் அவருக்கு முன்னிடம் பிடித்துவைக்க ஓடினேன். அவர் வரவில்லை. நடுப் பெட்டியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டும் இருக்கையில், அஞ்சலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தார். முன்பக்கம் எதுவும் தெரியாமல், காது கண் மூளை என்று நான் சொன்ன விதிகளுக்கெல்லாம் நேர் விரோதமாக. வளசரவாக்கம் வருவதற்குள் தலை சாய்ந்தது. ஆலப்பாக்கத்தில் குறட்டை. ஊரையெல்லாம் தன் முதுகுக்குப் பின்னால் தூங்கவைத்தவர், பிறர் வண்டியில் தூங்கியது அதுதான் முதல் தடவை என்று அஞ்சலை கிசுகிசுத்தார்.

கரையான்சாவடி வந்தது. எழுப்பப் போனேன். அஞ்சலை என் கையைத் தட்டிவிட்டார். "உடுங்க சார். தூங்கட்டும்." பூந்தமல்லி வரை போனோம். அங்கே பயணிகள் எல்லாரும் இறங்கித்தான் ஆக வேண்டும். அப்போதுதான் விழித்தார்.

"ஊடு வந்துருச்சா?"

"ஊடு தாண்டி வந்தாச்சு. இன்னாயா, வாந்தி வரலயா?"

அவர் யோசித்தார். பிளாட்பாரத்தில் நின்று கண்ணாடித் தடுப்பைப் பார்த்தபடியே யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், எனக்கு வண்டி ஒத்துக்காம இல்ல சார். டிரைவர்தான் ஒத்துக்கல."

"புரியலையே."

"அடுத்தவன் ஓட்றதக் கண்ணால பாத்தா, நானும் கூடவே ஓட்றேன். அவன் ஒரு எடத்துல புடிக்கிறான், நான் ஒரு எடத்துல புடிக்கிறேன். ஒரே வண்டிக்கு ரெண்டு டிரைவர் ஆவுமா? அதான் கொமட்டுது. யாருமே ஓட்டலன்னா நான் எவன்கிட்டப் போயி சண்ட போடறது? தூக்கம் வந்துருது."

அப்படியென்றால், வாழ்நாள் முழுவதும் பஸ்ஸில் டிரைவர் பக்கத்திலும் ரயிலில் டிரைவர் அறைக் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டே போனதுதான் வினை. டாக்டர், மருந்துக் கடைக்காரர், நான், மூன்று பேருமாகச் சேர்ந்து அவரை நோயின் மடியிலேயே கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறோம். மருந்து என்று நாங்கள் சொன்னது மற்ற எல்லாருக்கும் மருந்துதான். டிரைவரைத் தவிர.

அஞ்சலை விடவில்லை. "ஐதராபாத் ரயில்ல டிரைவர் கீறானே?"

"கீறான். எத்தினியோ பெட்டிக்கு முன்னாடி கீறான். என் கண்ணுல படாத வரைக்கும் அவன் இல்ல." கைபேசியை எடுத்து அங்கேயே மகளைக் கூப்பிட்டார். "காவ்யா, நான் வர்றேன்மா. ஆமா, நான்தான், அப்பாதான் பேசறேன். அழாத. ஒண்ணே ஒண்ணு கேளு. எங்க பெட்டி இன்ஜினுக்குக் கிட்டயா, தூரமா? தூரமா? அப்போ சரி!"

அடுத்த வார இறுதியில் சென்ட்ரலில் அவர்களை வழியனுப்பினேன். பெட்டி நுழைவாயில் பக்கமே இருந்தது. இன்ஜின் எங்கேயோ கண்ணுக்கெட்டாத தூரத்தில். இருந்தாலும் ஜெயராமன் அந்தத் திசையில் தலையைத் திருப்பவே இல்லை. சக்கரத்துக்கு வைக்காமல் விட்ட அந்த எலுமிச்சம்பழம், காய்ந்து சுருங்கி, அவர் கையில் இருந்தது. குனிந்து, தங்கள் பெட்டியின் சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் உருட்டிவிட்டுத்தான் ஏறினார்.

மறுநாள் காலை அஞ்சலையிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பின்னணியில் ஐதராபாத் ரயில் நிலையத்தின் அறிவிப்புகள்.

"சார், வந்து சேந்துட்டோம். ஒண்ணும் ஆவல. ஆனா எறங்கி வெளிய போறதுக்கு இன்ஜினத் தாண்டித்தான் போவணுமாம். டிரைவரு எறங்கி நின்னுகினு இருந்தாரா, இவரு போயி கையக் குடுத்து, நல்லாத்தான் ஓட்டிக்கினு வந்தீங்க, ஆனா ராத்திரி ஒரு எடத்துல பிரேக்கு கொஞ்சம் லேட்டுன்றாரு! ராத்திரி பூரா கொறட்டை சார் இந்த மனுசன்! எந்த பிரேக்கக் கண்டாரு இவரு?"

பின்னாலிருந்து ஜெயராமனின் குரல் கேட்டது. "தூக்கத்துல காலு தெரிஞ்சுக்கும்மே!"